ஏழு எழுபத்தைந்துக்குத் தோப்பூர் பஸ்

திருகோணமலை பஸ் நிலையத்தில் தர்மசீலனைக் கேட்காமல் ஒரு சில்லு உருளாது. அவன் அங்கே டைம்கீப்பர். எந்த பஸ் எத்தனைக்கு வெளிக்கிட வேண்டும், எத்தனைக்குத் திரும்பி வரும், அடுத்த நடைக்கு எப்போது வந்து நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவன் பொறுப்பு. ஆறு நாற்பத்தைந்துக்குப் போன பஸ், ஒரு மணி ஐம்பது நிமிட ஓட்டம் என்று யாராவது இழுத்துக்கொண்டிருக்கும்போதே "எட்டு முப்பத்தஞ்சு" என்று சொல்லிப் பலகையில் 8.35 என்று எழுதிவிடுவான். விரல் மடிக்க மாட்டான், முகட்டைப் பார்க்க மாட்டான். துறைமுகப் பக்கம் கப்பல் ஊதினாலும் சரி, நிலையத்துக்குள் திரியும் மான் ஒன்று யாருடையவோ சாப்பாட்டுப் பார்சலை இழுத்துக்கொண்டு ஓடினாலும் சரி, அவன் கணக்குப் பிசகாது.

இப்படிப்பட்டவன் பள்ளிக்கூடம் முடியும்போது எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் மட்டும் மூன்று தரம் கோட்டை விட்டவன் என்றால் பஸ் நிலையத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். நம்புவார்களோ இல்லையோ, சொல்லிப் பார்க்கும் எண்ணம் அவனுக்கு இருக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு நாலாம் தரத்துக்கு விண்ணப்பித்திருந்தான்.

இந்த முறையும் விட்டால் கதை முடிந்தது. அவனுடையது தற்காலிக வேலை. நிரந்தரமாக்க வேண்டுமானால் கணிதத்தில் பாஸாகியிருக்க வேண்டும், ஒரு சாதாரண சித்தியே போதும், ஆனால் இந்த முறை எடுத்தாக வேண்டும், பிறகு வயதெல்லை தாண்டிவிடும் என்று அலுவலகத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். தற்காலிகச் சம்பளத்தில் வீடு ஓடாது. ஓடாவிட்டால் திரும்பவும் கட்டாருக்கு வேலைக்குப் போவதுதான். ஏற்கெனவே ஒரு தடவை போய் வந்தவன் அவன். போகும்போது மனைவி டிலக்சனாவின் வயிற்றில் இருந்த மகள், அவன் திரும்பி வந்து வாசலில் நின்றபோது ‘போன் அப்பா’ என்று கூப்பிட்டாள். போனுக்குள் இருந்த மனிதர் எப்படி வெளியே வந்தார் என்று அந்தப் பிள்ளைக்கு விளங்கவில்லை. பயந்துபோய்த் தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது.  இப்போது வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் விடாமல் போன் எடுக்கிறான். பரீட்சை முடிவு வரட்டும் என்று இவன் சாட்டுச் சொல்லிக்கொண்டு வருகிறான்.

ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் அன்புவழிபுரத்தில், பள்ளிக்கூடம் விட்டுப் போன பெரிய ஆட்களுக்கென்று ஒரு கணித வகுப்பு நடந்தது. தனுசன் என்ற இளம் ஆசிரியர் படிப்பித்தார். தர்மசீலனை விடப் பத்து வயது இளமை, ஆனால் எல்லாருக்கும் அவர் சேர். நல்ல பிள்ளை, ஒரே குறை அவசரம். பின்னத்தில் தொடங்கித் தசமத்துக்குப் போனார். ஒவ்வொரு கிழமையும் சின்னச் சோதனை வைப்பார். சோதனை முடிந்தவுடன் பக்கத்தில் இருப்பவரோடு தாளை மாற்றிக்கொள்ள வேண்டும். சேர் விடையை வாசிக்க வாசிக்க அவரவர் கையிலிருக்கும் தாளைத் திருத்த வேண்டும்.

தர்மசீலனின் தாள் எப்போதும் பக்கத்துக் கதிரையில் இருந்த அஸ்மியாவிடம் போகும். அவள் கிண்ணியாவிலிருந்து வருகிறவள். அங்கே ஒரு முன்பள்ளியில் உதவியாளர். ஆசிரியராக வேண்டுமென்றால் அவளுக்கும் கணிதம் வேண்டும். சிவப்புப் பேனையைக் கண்டால் சின்னப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று பச்சைப் பேனையால் திருத்திப் பழகியவள். பச்சையாக இருந்தாலும் பிழை பிழைதானே. தர்மசீலனின் தாள் ஒவ்வொரு கிழமையும் பச்சைப் பசேலென்று திரும்பி வரும்.

"அண்ணை, பின்னம் எல்லாம் சரியாச் செய்யிறீங்கள். தசமம் வந்தவுடன எல்லாத்தையும் குழப்பி அடிக்கிறீங்கள். கவனயீனம்தான். வீட்டில கொஞ்சம் இருந்து செய்து பாருங்கோ" என்றார் தனுசன் சேர்.

கவனயீனம் என்ற சொல் தர்மசீலனுக்குப் புதிதல்ல. ஏழாம் வகுப்பிலிருந்து அவனுடைய தேர்ச்சி அறிக்கையில் அது குடியிருந்தது. கவனத்தைக் கூட்டுவதற்காக அவன் என்னென்ன செய்யவில்லை? விடியற்காலையில் எழும்பிப் படித்தான், கோயிலுக்கு நேர்த்தி வைத்தான், ஒரு முறை டிலக்சனாவின் பேச்சைக் கேட்டு வல்லாரை தின்றான். தசமம் மட்டும் மசியவில்லை.

ஒரு ஞாயிறு, சோதனை முடிந்து தாள் மாறியது. முதல் கேள்வி மிகச் சுலபம். 0.45, 0.30 இரண்டையும் கூட்ட வேண்டும். 0.75 என்று சேர் வாசித்தார். தர்மசீலனின் தாளில் 1.15 என்று இருந்தது. அஸ்மியா பிழை போடப் பேனையைக் கொண்டுபோனவள், போடாமல் மூடி வைத்தாள். வகுப்பு முடியும் வரைக்கும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் எழும்பியபோதுதான் வாயைத் திறந்தாள்.

"அண்ணன், இத எப்படிச் செஞ்சீங்க?"

பகிடி பண்ணுகிறாளோ என்று தர்மசீலனுக்குச் சுருக்கென்றது. முகத்தைப் பார்த்தான். பகிடி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறாள்.

"எப்படியெண்டா... கூட்டினனான்."

"கூட்டினது தெரியிது. வாயால சொல்லிச் சொல்லிக் கூட்டுங்களே. நான் கேக்கன்."

"நாப்பத்தஞ்சும் முப்பதும் எழுபத்தஞ்சு. அதில அறுபது போனா ஒண்டு. மிச்சம் பதினஞ்சு. ஒண்டு பதினஞ்சு."

"அறுபது என்னத்துக்குப் போகணும்?"

தர்மசீலன் பதில் சொல்ல வாயெடுத்தான்.  அறுபது வந்தால் ஒன்று போகத்தானே வேண்டும்? விடிந்தால் வெளிச்சம் வருவது போல ஒரு விஷயத்தை ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது?

அவனுக்கு அது அப்படித்தான். அவனுடைய தகப்பன் அந்த பஸ் நிலையத்திலேயே தேநீர்க்கடை வைத்திருந்தவர். பள்ளிக்கூட வாசலை மிதிக்க முதலே தர்மசீலன் கடை வாங்கில் இருந்தபடி நேரப் பலகையைப் பார்த்து இலக்கம் படித்தான். எண்ணுக்கு நடுவில் புள்ளி இருப்பதை அவன் முதன்முதலில் கண்டது அங்கேதான். அந்தப் புள்ளிக்கு வலது பக்கம் அறுபது சேர்ந்தால் இடது பக்கம் ஒன்று கூடும். ஐந்து வயதில் படித்தது. பிறகு பள்ளிக்கூடத்தில் தசமம் படிப்பித்தபோது, இது தனக்குத் தெரிந்த சாமான்தானே என்று அவன் காது கொடுக்கவில்லை. தெரிந்த மாதிரி இருந்ததுதான் வினையாகப் போயிற்று.

இருவரும் பஸ் நிலையத்துக்கு ஒரே பஸ்ஸில்தான் திரும்புவார்கள். அன்றைக்கு வழி முழுக்க அஸ்மியா அவனைக் குடைந்துகொண்டே வந்தாள்.

"அரை எண்டா தசமத்தில எவ்வளவு?"

"சைபர் தசம் முப்பது."

"கால்?"

"சைபர் தசம் பதினஞ்சு."

"சைபர் தசம் அஞ்சு, சைபர் தசம் நாப்பத்தஞ்சு. எது பெரிசு?"

"இதென்ன கேள்வி தங்கச்சி? அஞ்சு நிமிசம் பெரிசோ, நாப்பத்தஞ்சு நிமிசம் பெரிசோ?"

அஸ்மியா சிரித்த சிரிப்பில் கொண்டக்டர் திரும்பிப் பார்த்தான். பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டு, அவனைப் பார்த்துச் சொன்னாள்.

"அண்ணன், உங்களுக்குக் கணக்குத் தெரியாம இல்ல. உங்கட கணக்கில ஒரு பிழையும் இல்ல. பாருங்க, அரையும் காலும் உங்கட கணக்கில முக்கால்தான் வருது. எல்லாம் ஒழுங்கா இரிக்கி. ஆனா நீங்க மணிக்கூட்டுக் கணக்குச் செய்றீங்க. சோதினையில கேக்கிறது அறுபது இல்ல, நூறு. அவ்வளவுதான்."

தர்மசீலன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். கண் கலங்கியதை ஒரு பெண்பிள்ளைக்குக் காட்ட அவனுக்கு விருப்பமில்லை. இத்தனை வருடமாக எத்தனை பேர் அவன் தாளைத் திருத்தியிருப்பார்கள். பிழை என்று போட்டார்கள், கவனயீனம் என்று எழுதினார்கள், ஒருவர் பிரம்பும் எடுத்தார். எப்படிச் செய்தாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. கிண்ணியாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற இந்தப் பிள்ளை கேட்டது. தான் மொக்கன் இல்லை என்பதை முப்பத்தைந்து வயதில் ஓடுகிற பஸ்ஸுக்குள் அறிந்துகொண்ட அந்த மனிதனுக்கு, அவளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. கும்பிடவில்லை. அதற்குப் பதிலாக வாதாடினான்.

"மூண்டில ஒண்டு தசமத்தில முடியவே முடியாதாம். சைபர் தசம் மூண்டு மூண்டு மூண்டெண்டு போய்க்கொண்டே இருக்குமாம். என்ர கணக்கில வடிவா இருபது நிமிசம். எது நல்ல கணக்கு, நீங்களே சொல்லுங்கோ."

"உங்கடதான் நல்லது. ஆனா பாஸாக்க மாட்டாங்களே" என்றாள் அஸ்மியா.

நோய் என்னவென்று தெரிந்துவிட்டது, ஆனால் முப்பது வருடப் பழக்கம் ஒரு நாளில் போகுமா? அஸ்மியாதான் வழி சொன்னாள். பஸ் பலகையில் நேரம் எழுதும்போது இனிப் புள்ளி வைக்கக் கூடாது, மேலும் கீழுமாக இரண்டு புள்ளி வைக்க வேண்டும். ஒற்றைப் புள்ளியைக் கண்டால் நூறு, இரட்டைப் புள்ளியைக் கண்டால் அறுபது. வீட்டில் டிலக்சனா தன் பங்குக்குத் தையல் மெசினில் தொங்கிய அளவு நாடாவை எடுத்து அவன் கழுத்தில் போட்டுவிட்டாள். ஒரு மீற்றருக்கு நூறு சென்ரிமீற்றர். அரை மீற்றர் எங்கே, கால் மீற்றர் எங்கே என்று அவன் நாடாவில் தொட்டுக் காட்டினால்தான் இரவுச் சாப்பாடு. சைபர் தசம் ஐந்து நாடாவின் நடுவில் போய் நின்றதையும், சைபர் தசம் நாற்பத்தைந்து அதற்கு இந்தப் பக்கம் நின்றதையும் கண்ட அன்று, தர்மசீலன் நாடாவை மடித்து வைத்துவிட்டு, திரும்ப விரித்து அளந்து பார்த்தான். வீடு மாறிப் போனவன் இருட்டில் சுவிட்சைத் தேடுவது போலத்தான் அந்த நாட்கள் அவனுக்குக் கழிந்தன.

தேடல் ஒரு நாள் காலையில் சந்திக்கு வந்தது. சனம் நெரியும் நேரம். 7:45க்கு மூதூர் பஸ் போய்விட்டது, அதற்கு அரை மணித்தியாலம் கழித்துத் தோப்பூர் பஸ். நாடாவும் நூறுமாக ஊறிப்போயிருந்த தர்மசீலன் ஒரு கணமும் யோசிக்காமல் பலகையில் 7:75 என்று எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனான்.

திரும்பி வந்தபோது பலகைக்கு முன்னால் கூட்டம். தோப்பூர் பஸ்ஸின் சாரதி முனீப் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். மூதூர்க்காரர், வாய் சும்மா இராத மனிதர்.

"சீலன், இந்த ஏழு எழுபத்தஞ்சு எத்தின மணிக்கு வரும்? எட்டுக்கு முந்தியா பிந்தியா? ஏழு தொண்ணூறுக்கு டீ குடிக்கப் போலாமா?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கொண்டக்டர் பெடியன்கள் "ஏழு எழுபத்தஞ்சு தோப்பூர்" என்று கூவத் தொடங்கிவிட்டார்கள். ஒரு பயணி மெய்யாகவே தன் மணிக்கூட்டைப் பார்த்தார். தர்மசீலன் ஓடிப்போய் அழித்து 8:15 என்று எழுதினான். முகமெல்லாம் வேர்த்தது. முனீப் விடவில்லை, என்ன நடந்தது என்று கேட்டார். பொய் சொல்ல வராமல், தர்மசீலன் உள்ளதைச் சொன்னான். கணிதத்தில் மூன்று தரம் விட்டதையும், நாலாம் தரம் எடுக்கப் போவதையும், எடுக்காவிட்டால் கட்டாருக்குப் போக வேண்டி வருவதையும் சொன்னான்.

சிரிப்பு நின்றுவிட்டது. முனீப் இடுப்பிலிருந்த கையை எடுத்தார்.

"இதச் சொல்ல உமக்கு என்ன வெக்கம்? என்னக் கேட்டா நான் அஞ்சாம் வகுப்பு" என்றார்.

அன்றிலிருந்து பஸ் நிலையமே வகுப்பாகிவிட்டது. முனீப் ஒவ்வொரு நடைக்கும் பஸ்ஸை எடுக்கும்போது ஜன்னலால் தலையை நீட்டி, "சீலன், அஞ்சில ரெண்டு?" என்பார். "சைபர் தசம் நாலு" என்று பதில் வந்தால்தான் கியர் போடுவார். விடை சரியா பிழையா என்று அவருக்குத் தெரியாது. ஆனால் அவன் தடுமாறினால் கண்டுபிடித்துவிடுவார். ஏழு எழுபத்தைந்து நடந்ததைக் கேட்டு அஸ்மியா சந்தோசப்பட்டாள். நூறு உள்ளே போய்விட்டது, இனி இரண்டையும் பிரித்து வைத்தால் சரி என்றாள். இப்படி ஆளாளுக்குத் தன்னைத் தூக்கிவிடுவதை நினைத்து தர்மசீலன் நெகிழ்ந்துபோனான். இத்தனை பேர் தனக்கு இருக்கிறார்கள் என்று தெரிந்திருந்தால் எப்போதோ வாயைத் திறந்திருப்பானே.

பரீட்சை வந்தது. மண்டபத்தில் அவனுக்கு முன்னும் பின்னும் மீசை முளைக்காத பிள்ளைகள். அவனை மேற்பார்வையாளர் என்று நினைத்து ஒரு பிள்ளை எழும்பி நின்றது. தாளைத் திருப்பினான். ஒரு தாங்கியில் 0.4 பங்கு நீர் இருக்கிறது, மேலும் காற்பங்கு ஊற்றப்படுகிறது, நிரம்ப இன்னும் எவ்வளவு பங்கு வேண்டும் என்று ஒரு கேள்வி. கால் என்றால் 0.25. கூட்டினால் 0.65. மிச்சம் 0.35, பின்னத்தில் இருபதில் ஏழு. எழுதினான். எழுதியபின் திரும்பவும் பார்த்தான். சரியா? பழைய கவனயீனமா?

அப்போது அவனுக்கு ஒரு யோசனை வந்தது. தன்னுடைய மணிக்கூட்டில் செய்து பார்த்தான். ஐந்தில் இரண்டு, இருபத்திநாலு நிமிடம். கால், பதினைந்து நிமிடம். மொத்தம் முப்பத்தொன்பது. அறுபதுக்கு இருபத்தொன்று குறை. அறுபதில் இருபத்தொன்றைச் சுருக்கினால் இருபதில் ஏழு. இரண்டு வழியாலும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தான். தர்மசீலனுக்கு அந்த மண்டபத்தில் சிரிக்க வேண்டும் போலிருந்தது. அஸ்மியா சொன்னது சரி, அவனுடைய கணக்கில் ஒரு பிழையும் இருக்கவில்லை. மிச்சக் கேள்விகளையும் அப்படியே செய்தான். நூறில் செய்தான், அறுபதில் சரிபார்த்தான்.

முடிவு ஒரு பின்னேரம் வந்தது. தர்மசீலன் இரண்டு தரம் பிழையாக அடித்ததால் முனீப்தான் போனை வாங்கிப் பரீட்சைச் சுட்டெண்ணைக் குத்தினார். கணிதம், S. சாதாரண சித்தி. அவனுக்கு வேண்டியதும் அதுதான். முனீப் அவனைக் கட்டிப்பிடித்தபோது பஸ்காரர்கள் எல்லாரும் ஹோர்ன் அடித்தார்கள், துறைமுகத்தில் இருந்தவர்கள் என்னவென்று நினைத்தார்களோ தெரியாது. வீட்டுக்குப் போன் எடுத்தான். டிலக்சனா அழுகிறாள் என்று தெரிந்தது.

"அந்தத் தங்கச்சிக்குச் சொல்லிட்டீங்களோ? முதல்ல அவவுக்குச் சொல்லுங்கோ. எனக்குப் பிறகு சொல்லலாம்" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அஸ்மியாவின் போனுக்கு லைன் கிடைக்கவில்லை. அடுத்த நாள் காலையில் டிலக்சனா அஸ்மியாவுக்கென்று பயற்றம் உருண்டை செய்து பெட்டியில் கட்டிக் கொடுத்துவிட்டாள். பத்து மணியளவில் கிண்ணியா பஸ்ஸிலிருந்து அஸ்மியாவே இறங்கி வந்தாள். அவளுக்கு C, திறமைச் சித்தி. சான்றிதழ் விஷயமாக நகரத்துக்கு வந்தவள், அலுவலை முடித்துக்கொண்டு அவனிடம் வந்தாள். இருவரும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டு நின்றார்கள். தர்மசீலன் இரவு முழுக்கப் பாடமாக்கி வைத்திருந்த நல்ல நல்ல வசனமெல்லாம் மறந்துபோயிற்று.

"தங்கச்சி, ஏஜென்சிக்காரனுக்கு நேற்றே சொல்லிட்டன், நான் வரேல்ல எண்டு. நான் இனி என்ர பிள்ளையோட இருக்கப் போறன். இது நீங்கள் தந்தது. எப்படி நன்றி சொல்லுறதெண்டு எனக்குத் தெரியேல்ல. சாகும் வரைக்கும் மறக்க மாட்டன்."

அஸ்மியா அவன் நீட்டிய பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கீழே பார்த்தாள்.

"எங்கட இவரும் கணக்கிலதான் விட்டவரு, அண்ணன்" என்றாள். "பேரு பஸ்லான். ரெண்டு தரம் எடுத்தாரு. இங்க ஒரு வேலையும் கிடைக்கல்ல. சவூதிக்குப் போய் நாலு வருசம். மகன் இப்ப ஸ்கூலுக்குப் போறான். எல்லாரும் அவர மொக்கன் எண்டாங்க, அவரும் நம்பிட்டாரு. எப்படிச் செய்றீங்க எண்டு ஒராளும் அவரிட்டக் கேக்கல்ல. நானும் கேக்கல்ல. அப்ப நான் புதுப் பொண்டாட்டி, எனக்கென்ன தெரியும்? அண்டைக்கு உங்கட தாளப் பாத்துக்கிட்டிரிக்கக்குள்ள அவருட நினைவுதான் வந்தது. இந்த மனிசனும் போயிடப் போறாரே எண்டுதான் கேட்டன்."

 இத்தனை மாதம் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தும், இந்தப் பிள்ளையின் வீட்டுக்காரர் எங்கே என்று தர்மசீலன் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"லீவு எப்ப?"

"பெருநாளைக்கு வாறாரு."

"வந்தவுடன வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவர் பாஸாகும் வரைக்கும் நானும் வந்து பக்கத்தில இருக்கிறன்."

"அவரு வெக்கப்படுவாரு."

"வெக்கப்படட்டும். நானும் பட்டனான்தானே. அது வரைக்கும் நீங்கள் போனில கேளுங்கோ. அரையும் காலும் எப்படிக் கூட்டிறவர் எண்டு கேளுங்கோ."

அஸ்மியா சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். கிண்ணியா பஸ் வெளிக்கிடும் நேரம். அவள் ஏறி ஜன்னலோரம் இருந்து, பஸ் நகர முதலே போனை எடுத்துச் சவூதி எண்ணை அமத்தினாள். அவள் ஏதோ கேட்பதை தர்மசீலன் கீழே நின்று பார்த்தான். சின்னக் கேள்விதான், வாய் இரண்டு தரம் அசைந்தது. பதில் நீளமாக இருந்திருக்க வேண்டும். பஸ் வாசலைத் தாண்டித் தெருவில் திரும்பி மறையும் வரைக்கும் அவள் ஒரு சொல்லும் பேசாமல், போனைக் காதோடு அழுத்திக் கேட்டுக்கொண்டே போனாள்.